மூன்றாம் பேஸில் அவசரக்குடுக்கை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்றுதான் பெயர். ஈரம் காயும் முன்பே பெட்ஷீட்டை இஸ்திரி மெஷினிலிருந்து உருவிவிடுவாள்; பிறகு அதையே மறுபடி உள்ளே விடுவாள். யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று கிளம்பிவிடுவாள். பாவம், ஒன்றும் புரிந்திருக்காது.

இப்படிப்பட்டவளைச் சலவைக்கூடத்துப் பேஸ்பால் அணியில் சேர்த்தது அவள் நாத்தனார்தான். கூடத்தின் சூப்பர்வைசரும் அணியின் கேப்டனும் அந்த அம்மாளே. "ஓட்டத்துல அவளை அடிச்சுக்க ஆளில்லை" என்று எல்லோரிடமும் பெருமை பேசினாள். போன ஆட்டத்தில் அந்தப் பெருமை சந்தி சிரித்தது. இன்னொருத்தி அடித்த பந்து மட்டையில் பட்டதுமே, ஓடுகிறவர்கள் நிற்கும் பேஸில் நின்றிருந்த இவள் கிரிக்கெட் ஞாபகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினாள். பந்தோ கோட்டுக்கு வெளியே போன ஃபவுல். அதை எதிரணிக்காரி பிடித்தும் விட்டாள். இவள் தன் பேஸுக்குத் திரும்பி வருவதற்குள் பந்து அங்கே வந்துவிட்டது. அடித்தவளும் அவுட், ஓடியவளும் அவுட், ஆட்டமும் காலி.

அன்றிலிருந்து நாத்தனார் இவளிடம் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே வேலையிடம். ஆனாலும் "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று தன் தம்பி, அதாவது இவள் கணவன், மூலமாகத்தான் சேதி வரும். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மௌனம்தான் அவளை அரித்துத் தின்றது.

கடைசியில் கணவனைப் பிடித்து உட்காரவைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்டாள்.

"ஃபவுல் பந்து தரையில விழுந்தா உனக்கு ஒண்ணும் இல்லை. பேசாம உன் பேஸுக்குத் திரும்பி வந்துடு. விழறதுக்குள்ள புடிச்சுட்டாங்கன்னா அடிச்சவங்க அவுட். ஆனா நீ ஓடலாம்."

"அவுட்டுக்கு அப்புறமுமா ஓடுறது?"

"ஆமா. ஆனா புடிச்ச பிறகுதான் கிளம்பணும். அதுவரைக்கும் பேஸ்லேர்ந்து காலை எடுத்துடாதே, தாயே!"

அடுத்த ஆட்டத்தின் கடைசிக் கட்டம். ஸ்கோர் சமம்; சலவைக்கூடத்தில் ஒருத்திதான் அவுட், மூன்று பேர் அவுட்டாகும்வரை ஆடலாம். மூன்றாம் பேஸில் இவள் நிற்க, மட்டை நாத்தனார் கையில். மட்டைக்காரி நிற்கும் ஹோமை இவள் ஓடிவந்து தொட்டுவிட்டால் ஜெயம்.

நாத்தனார் அடித்த அடியில் பந்து உயர எழும்பி, கோட்டைத் தாண்டி வேலிப்பக்கம் சாய்ந்தது. "போச்சு, ஃபவுல்!" என்று நாத்தனார் மட்டையைக் கீழே போட்டாள். "ஓடு, ஓடு!" என்று பின்னாலிருந்து நாலு பேர் கத்தினார்கள். இவளுக்குக் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேஸை மிதித்தபடியே நின்றாள். எதிரணிக்காரி வேலியில் மோதித் தடுமாறி, எப்படியோ பந்தைப் பிடித்துவிட்டாள்.

அப்புறம் ஓடினாள் பாருங்கள்! பந்து வந்து சேர்வதற்குள் ஹோமில் குப்புற விழுந்து கிடந்தாள். அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

ஜெயித்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கண் நாத்தனாரைத் தேடியது. அந்த அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து இவளைத் தூக்கி நிறுத்தி, தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நான்தான் அவுட்டாச்சே! அப்புறம் எப்படிடி ஜெயிச்சோம்?"

"ஃபவுலைப் புடிச்ச பிறகு ஓடலாம், அண்ணி."

"அப்படியா? எனக்கே இது தெரியாதேடி!"

நடுவில் தம்பி இல்லை; முகத்தைப் பார்த்து, வாயாரப் பேசுகிறாள். அப்பாடா, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"எனக்கும் போன வாரம்தான் தெரியும், அண்ணி" என்றாள்.