முன்சீட்டில் வைத்த பெட்டி

ஆலங்குடி தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது தினமும் போய்வந்த பஸ்ஸின் கண்டக்டர் அவர். வெற்றிலைக் காவியேறிய பற்கள், கணீரென்ற குரல். பெயர் கேட்டதில்லை. உரிமையாளர் வராமல் ஆபீசில் கிடக்கும் பொருள்களின் பட்டியலை நாங்கள் பலகையில் ஒட்டினால், அவர் குறித்துக்கொண்டு போய் ஊர் ஊராக அந்தப் பெயர்களைச் சொல்லி விசாரிப்பார்.

பர்மா சண்டையில் இறந்துபோன சிப்பாய் ஒருவனின் தகரப்பெட்டி பல வருஷங்களாகக் கிடந்தது. பெற்றோரும் உயிரோடில்லை. கேட்பாரில்லாத பொருளென்று அதை ஏலம்விட நாலு நாள் இருக்கும்போது, வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய தங்கையைக் கண்டக்டர் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்.

"இது ஒங்க அண்ணன் பெட்டிதான்னு எப்படிம்மா நம்புறது?" என்றார் தாசில்தார்.

"மூடிக்கு உள்பக்கம் என் பேரை ஆணியால கீறியிருக்கும்ங்க. செல்லாயின்னு."

திறந்தோம். செல்லாயி என்று இருந்தது. மடித்த சட்டையின்மேல் ஒரு பதக்கமும் இருந்தது. அவள் அழவில்லை. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, எங்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினாள்.

சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறும்போது, "பெட்டிக்கு லக்கேஜ் எவ்வளவுங்க?" என்று கேட்டாள்.

கண்டக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "லக்கேஜா? ஒங்க அண்ணன் ஊருக்கு வாராரு. முன்சீட்டுல வைங்க."

பஸ்ஸில் நெரிசல். ஆனாலும் அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. புதுக்கோட்டை வரை நானும் நின்றுகொண்டே போனேன். அன்றைக்கு அவருடைய பஸ்ஸில் நின்றதை இன்றும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.