ஹில்டா போட்ட வட்டம்

ஹில்டாவுக்கு எதுவும் அரைகுறையாக இருந்தால் பிடிக்காது. சோற்றில் கல் கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்வாள். வாழ்த்து அட்டையில் மை பிடிக்காத ஓரம் ஒன்று இருந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதிப் பலகை வீட்டின் முன்னறை ஜன்னலோரத்தில்தான் அவளுடைய மேசை. பகலில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை. வெட்டி எறியும் அட்டைத் துண்டுகளையும் டின்னின் அடியில் ஒட்டிக் கிடக்கும் மையையும் முதலாளி தவ்கே அவளையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். செருப்பின் அடி ரப்பரைச் சவர பிளேடால் செதுக்கி, மரக்கட்டையில் ஒட்டி, அவளே அச்சு செய்துகொள்வாள். தீபாவளிக்குக் குத்துவிளக்கு, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழம். எந்தப் பண்டிகையானாலும் படத்தைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் ஓர் இலை வளையம் உண்டு. அந்த வளையம் எங்காவது விட்டுப் போயிருந்தால் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள்.

"ஹில்டா வட்டம் போட்டா காம்பஸுக்கே வெக்கமா போயிரும்லா" என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அந்த நேர்த்திதான் ஒரு மனிதருடைய குடியைக் கெடுக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவளுக்கு உறவென்று இருந்தது தம்பி மத்தியாஸ் ஒருவன்தான். சிம்பாங் பூலாய் கல்லுமலைக் குவாரியில் லாரி ஓட்டினான். இருவரும் பீடோர் பக்கத்து ஆஷ்வுட் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் வரிசையில் நின்று, மனுப் போட்டு, ஹில்டா குடியுரிமைக்கான நீல அடையாளக் கார்டு வாங்கிக்கொண்டாள். தம்பிக்கு அப்போது பதினான்கு வயது. வரிசையில் நிற்கிற வயதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரமும் கிடையாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, பதினேழு வருஷம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டாகவே கிடந்தது.

எழுபத்து நான்காம் வருஷம் கல்லுமலை முதலாளி கையை விரித்துவிட்டார். சிவப்புக் கார்டுக்காரனுக்கு இனி வேலை பெர்மிட் புதுப்பிக்க முடியாது, நீலக் கார்டு வாங்கி வந்தால் லாரிச் சாவி, இல்லையென்றால் இல்லை. பெர்மிட் போனவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மத்தியாஸ் இந்தியாவைத் தேசப்படத்தில்கூட நிதானமாகப் பார்த்ததில்லை.

"அங்க போயி நான் யாரு, அக்கா? யார் வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று கேட்டுவிட்டு, முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை அக்காவின் மேசையருகே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். 

அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கடிதம். இன்னார் இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று தோட்ட அலுவலகம் எழுதி, சாப்பு குத்தித் தர வேண்டும். முத்திரைக்கு எங்கள் பக்கம் சாப்பு என்றுதான் பெயர். ஆனால் ஆஷ்வுட் தோட்டமே இப்போது இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். கடைசி வாரத்தில் அலுவலகக் கணக்கு எழுதும் கிராணி சதாசிவம், கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தார். மத்தியாஸ் அப்போது சித்தியவான் ஊரில் ஒரு லாரிக்காரரிடம் இருந்தான். கடுதாசிக்கு என்ன அவசரம் என்று வராமலே இருந்துவிட்டான்.

ஹில்டா பீடோருக்கு பஸ் ஏறி, படுத்த படுக்கையாகக் கிடந்த கிராணியைப் பார்த்தாள். பழைய தோட்டக் காகிதம் ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது. பழைய தேதி போட்டு, நடுங்கும் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"எழுதுனது அம்புட்டும் நெசம் புள்ள. ஆனா சாப்புக்கு நான் எங்க போவேன்? வெள்ளக்காரத் தொர போனப்பவே அதுவும் போயிருச்சு."

சாப்பு என்பது என்ன, ஒரு துண்டு ரப்பர். ஹில்டாவுக்கு அதுதானே கைவேலை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் நேராக ராமையாவைத் தேடிப் போனாள். ராமையா அவர்களோடு தோட்டத்து லய வீட்டு வரிசையில் ஒன்றாகக் குடியிருந்தவர், மத்தியாஸைத் தோளில் தூக்கி வளர்த்தவர். தோட்டம் போன பிறகு பீடோரில் ஒரு கொய்யாத் தோட்டத்தில் புல்வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் சிவப்புக் கார்டுதான். கிராணி கொடுத்த கடிதத்தை மைலோ டின்னில் வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போ தாயி. பாத்துட்டு பத்தரமா குடுத்துரு. அதத் தவிர எனக்கு வேற சாச்சி இல்ல. நானும் தீபாவளிக்குள்ள மனுப் போடணும்லா" என்று கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் கடிதத்தை விரித்து வைத்தாள். வட்டமான சாப்பு, உள்ளே தோட்டத்தின் பெயர், வெளியே தடித்த கோடு. வலப்பக்கத்தில் அந்தக் கோடு நகக்கண் அளவுக்கு விட்டுப் போயிருந்தது. மை பிடிக்கவில்லை என்று ஹில்டா நினைத்தாள். வேறு யாராக இருந்தாலும் இருக்கிறபடி பார்த்து வெட்டியிருப்பார்கள். வருஷம் முழுக்க வளையம் போட்ட கைக்கு அது முடியவில்லை. முழு வட்டமாகவே செதுக்கினாள். கண்ணாடித் தகட்டில் கத்தரிப்பூ மையைத் தேய்த்து, கட்டையை அதில் ஒற்றி, தம்பியின் கடிதத்தில் ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்தாள். கொஞ்சமும் பிசிறில்லை. தன் வேலையைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ராமையாவின் கடிதத்தை அடுத்த நாளே கொண்டுபோய் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மனுக் கொடுக்க அக்காவும் தம்பியும் சேர்ந்தே போனார்கள்; அதை வாங்கிய குடியுரிமை அலுவலக அதிகாரியின் பெயர் ஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்டிப்பான மனிதர், கைநீட்டிக் காசு வாங்காதவர் என்று பெயர். அவர் மேசைக்கு மேலே ஒரு நூல் கட்டி, வந்த வாழ்த்து அட்டைகளையெல்லாம் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். நடுவில் அவள் செய்த தீபாவளி அட்டை மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த இலை வளையத்தின் மையும் மேசையில் கிடந்த கடிதத்துச் சாப்பின் மையும் ஒரே டின்னில் சுரண்டியவை. 

ஸ்கந்தராஜா சாப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்கள்தானே அட்டை செய்யிற ஹில்டா? என்ர மனுசி உங்கட அட்டையைத்தான் எல்லாருக்கும் அனுப்புறவா."

"ஆமாங்க."

"சரி, பேப்பருகள் எல்லாம் சுத்தமா இருக்கு. ரெண்டு மூண்டு மாசம் செல்லும்."

வெளியே வந்து மத்தியாஸ் காப்பி குடிக்கக் கூப்பிட்டான். அவள் நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அடுத்த மாதமே கிராணி சதாசிவம் இறந்துபோனார். சாவு வீட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் கூடி அவர் கதையையே பேசிக்கொண்டிருந்தார்கள். "ஜப்பான்காரன் போன வருசம் கிராணி அந்தச் சாப்பக் கீழ போட்டு ஓரத்தப் பேத்துட்டாரு. தொர புடிச்சி ஏசுனான் பாரு! கடைசி வரைக்கும் அந்த ஒடஞ்ச சாப்புத்தான்லா" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். ஹில்டா சிரிக்கவில்லை. உடைசல் சாப்பில்தான் இருந்தது, மையில் இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து இருபத்து நான்கு வருஷமாக முழு வட்டம் ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. அவள் போட்டதுதான் முதல் முழு வட்டம்.

அன்றிலிருந்து வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். போலீஸ் வந்தால் தன்னோடு போகட்டும், தம்பியை விட்டுவிடட்டும் என்று மாதாவிடம் மன்றாடினாள். ரப்பர்த் துண்டை எரிக்க இரண்டு தடவை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். ரப்பர் எரிந்தால் தெருவுக்கே நாறும், யாராவது கேட்பார்கள் என்று திரும்பக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் அடியில் போட்டாள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில், வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் ஸ்கந்தராஜா. ஹில்டா கையில் வைத்திருந்த மைக்கட்டை தரையில் விழுந்து உருண்டது.

அவர் அட்டை வாங்கத்தான் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வட்டம் எவ்வளவு வடிவா விழுந்திருக்கு, பாருங்கோ. உங்கட தம்பியின்ர கடிதத்திலயும் சாப்பு இப்பிடித்தான், சுத்தம்."

ஹில்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதால எனக்கு ஒரு பெரிய உதவி. அதே தோட்டத்தில இருந்து போன கிழமை இன்னொரு கடிதம் வந்தது. அதே மாசம், அதே கிராணி. ஆனா வட்டம் உடைஞ்சு கிடக்கு. ஆரோ கையால வெட்டியிருக்கினம். உங்கட தம்பியின்ரயைப் பக்கத்தில வைச்சுப் பாத்தன், உடன பிடிபட்டுட்டுது. ஆளுக்குத் திங்கட்கிழமை விசாரணை. கடிதத்தைத் திருப்பிக் குடுத்து, அதோட வரச் சொல்லியிருக்கு. நான் போட்டோஸ்டாட் எடுத்து வைச்சிட்டன், இனி ஒண்டும் மாத்தேலாது." இதைச் சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "தம்பிக்கு நீலக் கார்டு சரி வந்திட்டுது. திங்கள் வந்து எடுக்கச் சொல்லுங்கோ."

மத்தியாஸ் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கார் போனதும் வந்து அந்தக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அக்கா முகத்தை அவன் பார்க்கவில்லை.

மத்தியானச் சோறு இறங்குவதற்குள் ராமையா வந்து சேர்ந்தார். பீடோரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மைலோ டின் கக்கத்தில் இருந்தது.

"தாயி, என் கடுதாசியில சாப்பு ஒடஞ்சிருக்காம். பொய்க் கடுதாசிங்கிறாங்க. கிராணி உசுரோட இருந்தா சொல்லியிருப்பாரு. அது ஆதியிலிருந்தே ஒடசல்தான்னு நான் சொன்னா எவன் கேக்குறான்? பழைய சம்பளச் சீட்டெல்லாம் வெள்ளத்துல போச்சு." கடிதத்தை மேசைமேல் வைத்துத் தடவி விட்டார். "நீ அட்டையில வட்டம் போடுவியே. இந்தச் சின்ன ஓட்டைய மட்டும் கொஞ்சம் மூடி விட்டுரு. திங்கக்கெழம காட்டிட்டு வந்துர்றேன்."

ஹில்டா கடிதத்தையே பார்த்தாள். அந்த மேசையில் இதுவரை வந்ததில் உண்மையான சாப்பு அது ஒன்றுதான். அதைத் தொட்டால் அது பொய்யாகிவிடும். அரசாங்கப் பெட்டியில் அதன் நகல் வாய் திறந்தபடி காத்திருக்கிறது. தொடாமல் இருக்க வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். நகல் இருப்பது தனக்கு எப்படித் தெரியும் என்பதில் தொடங்கி, தம்பியின் கடிதத்துச் சாப்பு வரை சொல்ல வேண்டும்.

"வேணாம்ணே" என்றாள். 

"பயப்படாத தாயி. ஒன் பேரு என் வாயிலிருந்து வராது. சத்தியம்."

கதவோரம் மத்தியாஸ் நின்றிருந்தான். அவன் கை பைமேல் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், 'சொல்லிடுக்கா' என்றோ 'சொல்லாதக்கா' என்றோ ஏதாவது சொல்லியிருந்தால், பாரத்தில் பாதியை அவன் சுமந்திருப்பான்.

ஹில்டா மெல்லிய தூரிகையை எடுத்தாள். மையைப் பழைய நிறத்துக்கு வரும்வரை குழைத்தாள். நகக்கண் அளவு இடைவெளியை ஒரே இழுப்பில் மூடினாள். கை நடுங்கவில்லை. அதற்காகத்தான் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

"அடேயப்பா, இங்கதான் ஒடஞ்சதுன்னு தொர வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்" என்று சொல்லி, ராமையா அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நகலையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். யார் மூடிக் கொடுத்தது என்று மூன்று நாள் கேட்டும் ராமையா வாய் திறக்கவில்லை. மனு தள்ளுபடியானது, பெர்மிட்டும் போனது. அடுத்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஹில்டா வழியனுப்பப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். உண்மையிலேயே காய்ச்சலும் வந்தது.

அதன்பின் அவள் அட்டைகளில் வளையம் முழுசாக விழுந்ததே இல்லை. வலப்பக்கத்தில் ஓர் இலையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அச்சு செய்தாள். வாங்குகிறவர்கள் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஸ்கந்தராஜா மட்டும் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் ஓர் அட்டையை நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

"முந்தி முழு வட்டமெல்லோ போடுவீங்கள்?" என்று கேட்டார்.

அவள் மீதி அட்டைகளை அடுக்கி வைத்தாள். அவரும் மேலே கேட்காமல் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகு அட்டை வாங்க வரவே இல்லை. அவருக்கு எவ்வளவு தெரியும், யாரிடம் சொல்வார் என்று ஹில்டா வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்தபடி மை தேய்த்தாள்.

எண்பத்தொன்றாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, வீட்டு முன்னறையில் அவள் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டைகளுக்கு நடுவே சேர வேண்டியதாக, சேலத்துப் பக்கத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தார் ராமையா.

'தாயி, நான் சொகம். ஒன் பேர நான் சொல்லல. நீ நல்லாத்தான் மூடி விட்ட, என் நேரந்தான் சரியில்ல. தம்பிக்கு நீலக் கார்டு கெடச்சுதுன்னு கேள்விப்பட்டு ரொம்ப சந்தோசம். நம்மள்ல ஒருத்தராவது தப்பிச்சோமே.'

ஹில்டா அதை நூலில் மாட்டவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து, அடியில் கிடந்த வட்ட ரப்பரின்மேல் வைத்து மூடினாள். வேலை முடிந்து லாரியிலிருந்து இறங்கி வந்த மத்தியாஸ், யார் எழுதியிருப்பது என்று கேட்டான்.

"ராமையாண்ணே. உன்னைக் கேட்டதா எழுதியிருக்காரு."

மத்தியாஸ் நீலக் கார்டு இருந்த சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.