பஞ்சு வாளும் மூன்று உசுரும்

சிவசங்கரை இன்றைக்கு எங்கள் ஊரில் பேட்டரிக்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். இன்வெர்ட்டர் கத்தினால் அவருக்குத்தான் போன் போடுவார்கள். மொபெட்டின் முன்னால் தண்ணீர் கேன்களை வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். அதிகம் பேசமாட்டார். ஆனால் கள்ளக்குறிச்சியில் இப்போது இருபத்தைந்து வயதை ஒட்டி நிற்கும் சிலருக்கு அவர் வேறு ஆள். அவர்களுக்கு அவர் வாள் செய்து கொடுத்த அண்ணன்.

சொந்த ஊர் நைனார்பாளையம். அப்பா மரவள்ளி போடுகிறவர். சிவசங்கர் டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். அந்த ஊர்ச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் திறந்தார். ஆறு கம்ப்யூட்டர்கள், நடுவில் பலகைத் தடுப்புகள், வாசலில் ஒரு பச்சைத் திரை. காலையில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களும் பரீட்சை முடிவு பார்க்கிறவர்களும் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்துவிடுவார்கள்.

பையன்கள் வருவதெல்லாம் ஒரே விளையாட்டுக்காக. ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. இவர்கள் வைத்த பெயர் கோட்டைச் சண்டை. மலை உச்சியில் ஒரு கோட்டை. ஒருவன் வாளோடு ஆறு மாடியும் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். சிவப்பு வாள் வெட்டும், நீல வாள் எதிரியைச் சிலையாக்கும். ஏறுகிறவனுக்கு மூன்று உயிர். உச்சியில் கோட்டை ராசா காத்திருப்பான். அவனை ஜெயித்தவர்கள் அந்தச் சந்தில் இரண்டு மூன்று பேர்தான்.

அப்போதுதான் மின்வெட்டுக் காலம் வந்தது. 2012 என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது. சில நாள் அந்த ஒழுங்கும் இருக்காது. சென்டரில் இருந்த யு.பி.எஸ். கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கும்வரைதான் தாங்கும். ஐந்தாம் மாடியில் நிற்கிறவன் கண்ணெதிரே திரை கறுத்துப்போகும். "ஐயோ!" என்று ஒரு கூச்சல். பிறகு எல்லோரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் போகமாட்டார்கள். வீட்டிலும் கரண்ட் இருக்காது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அஜித்குமார் என்ற பையன் தரை துடைக்கும் கட்டையைக் கையில் எடுத்தான். இன்னொருவன் ஒட்டடைக் கம்பை எடுத்தான். சிவசங்கர் உள்ளே ஏதோ ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அஜித்குமாரின் புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். தையல் போட்டார்கள். விஷயம் தெரிந்து அவன் அம்மா வயல் வேலை செய்த கையோடு வந்து நின்றாள்.

"புள்ளைங்கள கூப்ட்டு ஒக்கார வெச்சிக்கினு நீ பாட்டுக்கு உள்ள கெடக்கிற. கண்ணு போயிருந்தா இன்னா பண்ணுவ?"

அன்றைக்குச் சிவசங்கர் சென்டரைச் சாத்திவிட்டுப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பையன்களைத் துரத்திவிடலாம். துரத்தினாலும் வேறு எங்காவது போய் வேறு கட்டையை எடுப்பார்கள் என்று தோன்றியது. வலிக்காத ஒரு வாள் செய்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

முதலில் மானிட்டர் வந்த அட்டைப் பெட்டியில் வெட்டினார். இரண்டு வீச்சில் அது மடிந்து தொங்கியது. பிறகு தெர்மாகோல். அது அடித்த வேகத்தில் உடைந்து, வெள்ளை வெள்ளையாகச் சந்து முழுக்கப் பறந்தது. மறுநாள் வரை பெருக்கினார். கடைசியில் பக்கத்துக் கடைக்குப் போனார். அது கலீலுல்லா பாயின் சீட்டுக் கவர் கடை. பைக் சீட்டுகளுக்குப் புது ரெக்சின் போட்டுத் தைக்கிற இடம். பிரித்துப் போட்ட பழைய பஞ்சு மூலையில் குவிந்து கிடக்கும்.

"இன்னா சிவா, கடைய உட்டுட்டு எங்கூட்டு பஞ்சியப் பொறுக்கிக்கினு இருக்கிற?"

"கத்தி செய்யறன் பாய்."

"பஞ்சிலியா?"

"அடிச்சா வலிக்கக் கூடாது. ஆனா அடிச்ச மாதிரி இருக்கணும்."

பாய் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கை நீளத்துக்கு ஒயரிங் பைப் ஒன்று. அதைச் சுற்றிப் பஞ்சு வைத்துச் சொல்யூஷன் போட்டு ஒட்டினார்கள். பைப்பின் முனை குத்தாமலிருக்க அங்கே மட்டும் ஒரு பிடி பஞ்சு கூடுதல். அதன்மேல் சிவப்பு ரெக்சினை இழுத்துப் பாயே தைத்தார். கைப்பிடிக்குக் குறுக்கே பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. பார்த்தால் திரையில் வருகிற வாள் மாதிரியே இருந்தது. கொஞ்சம் குண்டு.

"தலைமேல அடிங்க பாய், பாப்பம்."

"போன வாரம் என் ஸ்டூல ஒடச்சியே, அத்த நெனச்சிக்கினு அடிக்கட்டா?"

"நெனச்சிக்கினே அடிங்க."

தொப்பென்று விழுந்தது. சிவசங்கர் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரமே சிவப்பும் நீலமுமாக எட்டு வாள்கள் தயாராகிவிட்டன. முதல் வாளை அஜித்குமார் வீட்டுக்கே கொண்டுபோய், அவன் அம்மாவின் கையில் கொடுத்து, அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அவள் அமுக்கிப் பார்த்தாள். மகன் முதுகில் இரண்டு போட்டும் பார்த்தாள். பிறகு அதை அவன் கையிலேயே கொடுத்தாள்.

சந்து போதவில்லை. சந்தின் கோடியில் மூடிப்போன அரிசி ஆலை ஒன்று இருந்தது. நெல் காயவைக்கும் பெரிய சிமெண்ட் களம். அதற்குக் காவல் சின்னராசு என்ற பெரியவர். பையன்கள் அங்கே ஏறிய முதல் நாளே அவர் கம்போடு வந்தார்.

"எறங்குங்கடா! களத்துல செருப்புக் காலோட ஏர்றீங்க?"

அந்தக் களத்தில் நெல் காய்ந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. இருந்தாலும் சிவசங்கர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னார். மாடி மாடியாக ஏறுவது, மூன்று உயிர், உச்சியில் ராசா, எல்லாவற்றையும் பெரியவர் நின்று கேட்டார்.

"செரி. ஆட்டத்துல எனக்கு இன்னா வேல?"

சிவசங்கர் அதை எதிர்பார்க்கவில்லை. சட்டென்று தோன்றியதைச் சொன்னார். "நீங்கதான் உசுரு குடுக்கறவரு."

மறுநாளிலிருந்து சின்னராசு மடியில் புளியங்கொட்டைகளோடு உட்கார்ந்தார். ஆளுக்கு மூன்று. அடி வாங்கினால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றும் போனவன் ஓரமாய்ப் போய் உட்கார வேண்டும். "தாத்தா, இன்னும் ஒரே ஒரு உசுரு தாத்தா" என்று கெஞ்சினால் மனசு இளகி ஒன்றைத் தருவார். அதனால் சண்டையைவிட அவரிடம் கெஞ்சும் கூட்டம் ஜாஸ்தி ஆனது.

சென்டருக்குள் வராத பிள்ளைகளும் களத்துக்கு வந்தார்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். பிரவுசிங் சென்டருக்குப் பெண் பிள்ளையை யாரும் அனுப்பமாட்டார்கள். திரை போட்ட இடம் என்றாலே ஊரில் ஒரு பேச்சு. களம் திறந்தவெளி, நாலு பேர் பார்க்கிற இடம். கலீலுல்லா பாயின் மகள் ஜன்னதுல் பிர்தௌஸ் அப்படித்தான் வந்தாள். பத்து வயது. வந்த முதல் நாள் வாளைக்கூட வாங்கவில்லை. பையன்கள் மூன்றாம் மாடிக்கு என்று கோடு போட்டு, வாயால் மியூசிக்கும் போட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் போய் நின்றாள்.

"மூணாவது மாடிக்கு மியூசிக் இது இல்ல." வாயாலேயே போட்டுக் காட்டினாள். டும் டும் டடடும். கதவு கிரீச்சிடுவது, வெளவால் கூட்டம், சிலை உடைவது, உயிர் போகும்போது வருகிற அந்த ஒற்றை மணிச் சத்தம், எல்லாம் வந்தது.

பையன்கள் வாயைப் பிளந்தார்கள். "நீ எப்ப வெளையாண்ட?"

"நான் பாத்ததே இல்ல. எங்கத்தா கடையில ஒக்காந்துக்கினு இருந்தா செவுத்துக்கு அந்தாண்டயிருந்து கேக்கும்."

ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா கடைச் சுவரில் சாய்ந்தபடி வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். விளையாட்டு மொத்தமும் காது வழியாக மனப்பாடமாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் இல்லாமல் சண்டை தொடங்காது. அவள் சத்தம் கொடுத்தால்தான் கதவு திறக்கும். மணிச் சத்தம் கொடுத்தால் உயிர் போயிற்று, பேச்சே இல்லை. வாள் பிடித்தாலும் நன்றாகவே வீசினாள்.

இது தெரிந்த சிவசங்கருக்கு மனசு கேட்கவில்லை. பாயிடம் பேசினார். கூட்டமில்லாத ஒரு மதியம், கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்துப் பாயே மகளைக் கூட்டிக்கொண்டு சென்டருக்குள் வந்தார். சிவசங்கர் விளையாட்டைப் போட்டுக் காட்டினார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். கோட்டை, மலை, கையளவு உயரத்தில் ஓடுகிற வீரன்.

"கதவு இந்தப் பக்கமா இருக்குது?" என்றாள். "நான் அந்தப் பக்கம்னு நெனச்சிக்கினு இருந்தன்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "அண்ணா, கரண்ட் எப்ப போவும்?" என்று கேட்டாள்.

அந்தக் கோடையில் நடந்த அதிசயத்தைச் சிவசங்கர் இன்றும் சொல்வார். எந்த ஊரிலும் கரண்ட் வந்தால்தான் பிள்ளைகள் "ஏய்ய்" என்று கத்துவார்கள். எங்கள் சந்தில் மட்டும் கரண்ட் போனால் கத்தினார்கள்.

மே மாதக் கடைசியில், களத்தில் ஆறு மாடியும் முடிந்தது. உச்சிக் கோட்டை மலைமேல் இருக்கிறது, அதைத் தட்டைக் களத்தில் ஆட முடியாது என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமுகி அணைக்குப் போவது என்று முடிவானது. பாய் குடும்பத்தோடு கிளம்பினார்; பெரிய தூக்கில் பிரியாணி. பிள்ளைகளின் வீடுகளில் சொல்லிவிட்டு, வாள்களை ஒரு கோணிச் சாக்கில் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள்.

கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். "இன்னா மூட்ட இது? லக்கேஜ் போடணும்."

சிவசங்கர் வாய் திறப்பதற்குள் அஜித்குமார் பெருமையாகச் சொன்னான்: "கத்திங்க!"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் ஒரு அம்மாள் எழுந்தே விட்டாள். கண்டக்டர் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். நீல வாள் ஒன்றை உருவி எடுத்தார், அமுக்கினார், முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நேரே முன்னால் போய் டிரைவர் முதுகில் ஒன்று வைத்தார். டிரைவர் திடுக்கிட்டுத் திட்ட, பஸ் சிரித்தது. அணை வரும்வரை அந்த வாள் கண்டக்டர் அக்குளில்தான் இருந்தது. விசிலோடு அதையும் ஆட்டிக்கொண்டே வந்தார்.

அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அதற்குப் பின்னால் கல்வராயன் மலை, வெயிலில் சாம்பல் நீலமாக, அடுக்கடுக்காக. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கோட்டை வேண்டியிருக்கவில்லை. ராசா யார் என்று கேள்வி வந்தது. சிவசங்கர் தயாராக இருந்தார். ஆனால் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைச் சரிவின் மேலே ஏறி நின்றுவிட்டார். ஒரு வருஷம் மகளை அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் அனுப்பாமலே இருந்த மனிதர், இரண்டு கையிலும் இரண்டு வாளோடு, "வாங்கடா பாப்பம்!" என்று கூவினார்.

பையன்கள் ஒவ்வொருவராக ஏறி உயிரை விட்டார்கள். பாய் பருமனான ஆள்; பார்த்தால் நம்பமுடியாத வேகம். கடைசியில் மிஞ்சியது ஜன்னத், அதுவும் ஒரே புளியங்கொட்டையோடு. தனக்குத் தானே வாயால் மியூசிக் போட்டுக்கொண்டே ஏறினாள். பாய் வீசிய இரண்டு வாளுக்கும் குனிந்து, வயிற்றில் ஒன்று கொடுத்தாள்.

பாய் ஒரு நிமிஷம் நின்றார். மணிச் சத்தத்தை அவரே வாயால் போட்டார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்து, சரிவில் கீழே வரைக்கும் உருண்டார். அவர் மனைவி முக்காட்டை வாயில் அமுக்கிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று பாயே சொன்னாராம்.

ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு கரண்ட் சீரானது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கியிருந்தார்கள். அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது; சென்டர் காலியானது. ஜன்னத் எட்டாம் வகுப்புக்குப் போனதும் களத்துக்கு வருவது நின்றது. யாரும் வராதே என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் வராதபோது மற்றவர்களுக்கும் சப்பென்று போய்விட்டது. சின்னராசு கொஞ்ச நாள் மடியில் கொட்டைகளோடு உட்கார்ந்து பார்த்தார். அவர் இறந்த பிறகு ஆலையை இடித்தார்கள். பரண்மேல் கிடந்த வாள்களின் பஞ்சை எலி கடித்துப் போட்டுவிட்டது. சிவசங்கர் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டுப் பேட்டரித் தொழிலுக்கு வந்தார்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம். போன வருஷம் அஜித்குமாருக்கு அங்கேதான் கல்யாணம். ஜன்னத் திருக்கோவிலூரிலிருந்து கணவனோடு வந்திருந்தாள்; அங்கே ஒரு மருந்துக்கடை நடத்துகிறாள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, நாலாவது மாடி எங்கே இருந்தது, தாத்தா எந்த மூலையில் உட்கார்ந்திருந்தார் என்று வாதாடினார்கள். ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டினார்கள். மாப்பிள்ளையைத் தேடி ஆள் வரும்வரை பேச்சு முடியவில்லை.

சிவசங்கருக்கு எட்டு வயதில் ஒரு மகள், தனுஷா. அம்மாவின் போனில் அவள் வேறு ஏதோ விளையாடுகிறாள். அதிலும் வாள் உண்டு, வளைந்த வாள். அது போல ஒன்று வேண்டும் என்று போன மாதம் கேட்டாள். சிவசங்கர் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தார். பாயின் கடையிலிருந்து பஞ்சு வாங்கி வந்தார். பைப்பை வளைக்க வெந்நீரில் போட்டு எடுத்தார். மகள் வாங்கிப் பார்த்து, "நெறம் தப்புப்பா" என்று சொல்லி, அவளே ஊதா டேப் சுற்றினாள். அப்புறம் அவள் தோழிகளுக்கும் வேண்டியிருந்தது. ஐந்து செய்தார்.

சாயங்காலம் தெருவில் அவர்கள் கூடி நின்றபோது, இவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எத்தன உசுரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இதுல உசுருல்லாம் கெடையாதுப்பா. நீ உள்ள போ, இது எங்க கேமு."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். வெளியே இவருக்குப் புரியாத விதிகளில் சண்டை தொடங்கியிருந்தது. இருட்டி, விளக்குப் போட்ட பிறகும், ஜன்னலைச் சாத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.