கடலுக்கு முதுகு காட்டி

எழுபதுகள் முடிகிற நேரம், ஆகஸ்ட் விடுமுறையில் மலையேறப் போவோம் என்று முடிவெடுத்தவன் எங்கள் கூட்டாளி, பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற வாத்தியார். கிழக்குக் கரையில், எங்கள் கல்முனையில், ஆகஸ்ட் என்றால் வறண்ட கச்சான் காற்றும் காய்ந்த மணலும். ஆகவே இலங்கை முழுக்க அப்படித்தான் என்று தீர்ப்புச் சொன்னான். சிவனொளிபாதம் என்று மற்றவர்கள் சொல்கிற பாவாதமலை அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"இது சும்மா தூறல் மச்சான்," என்றான். அந்தத் தூறல் மூன்று நாள் விடவில்லை.

மூன்றாவது ஆள் பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தவன். உரச்சாக்கில் எங்களுக்கு முதுகுப்பை தைத்துத் தந்தவன் அவன்தான். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாம் அதற்குள். இரண்டாம் நாள் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

என்னை வாப்பா லேசில் விடவில்லை. "ஒரு வக்துத் தொழுகையும் தவறப்படாது. தவறினா இந்த வாசல மிதிக்காத," என்றார். ஒரு சினிமாவுக்காக என் காக்காவை, தன் மூத்த மகனை, இரண்டு மாதம் வீட்டுக்கு வெளியே நிறுத்தியவர் அவர். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

முதல் நாள் லுஹருக்கே, மதியத் தொழுகைக்கே, சிக்கல் வந்தது. ஊரில் கிப்லா, தொழுகைக்கு முகம் வைக்கிற மக்காவின் திசை, பார்ப்பது ஒரு வேலையே இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் மேற்கு. இங்கே கடலும் இல்லை, சூரியனும் இல்லை, பனிமூட்டத்தில் மலையே இல்லை. அட்டை மட்டும் தாராளம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிற ஆட்களிடம் கேட்டு வருகிறேன் என்று கடைக்காரன் எழும்பினான். வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறவன் மேற்கு எதெண்டு கேக்கப் போறதா? இந்தா ஆறு ஓடுது. ஆறு எங்க போகும்?"

"கடலுக்கு," என்றேன்.

"கடல் எங்க?"

"கிழக்கால."

"அவ்வளவுதான். ஆறு போற பக்கம் முதுகக் காட்டு."

என்ன அறிவு என்று அவனுக்குப் பின்னால் வரிசை கட்டினோம். அந்த ஆற்றோரமாகவே மூன்று நாள் மேலே நடந்தோம். அவனே இமாம். ஈரச் சாரத்தோடு, அட்டை கடிக்கக் கடிக்க, ஒரு வக்தும் விடாமல் தொழுதேன். அல்லாஹ்வுக்குப் பயந்து பாதி, வாப்பாவுக்குப் பயந்து பாதி.

நாலாம் நாள் விடியற்காலை சுபஹ் தொழுது கையேந்தியிருந்தோம். வாத்தியாரின் துஆ நீண்டுகொண்டே போனது. அப்போது மூட்டம் விலகி, சூரியன் எங்கள் முகத்துக்கு நேரே எழும்பி வந்தது.

இலங்கைக்கு மேற்கேயும் ஒரு கடல் கிடக்கிறது, இந்த ஆறு அங்கேதான் போகிறது என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"மூணு நாளா எங்கட மீன் சந்தையப் பாத்துத் தொழுதிரிக்கம்," என்றான் கடைக்காரன்.

வாத்தியார் ஆற்றை முறைத்தான். "இது பிழையான ஆறு," என்றான்.

வீட்டில் வாப்பா வாசலை மறித்து நின்றார். "ஒண்டும் தவறல்லியே?"

"ஒண்டும் விடல்ல வாப்பா."

பொய் இல்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வக்துக்கும் பிறகு, மலையில் தொழுததை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொழுதேன், ஒழுங்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி. வாப்பா கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மலைக்குப் போன மகன் இரட்டிப்பாகத் தொழுகிறான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாத்தியாரைக் கையோடு கூட்டிவந்து சோறு போட்டார். இறைச்சியில் நல்ல துண்டெல்லாம் அவன் பீங்கானில்தான் விழுந்தது.

"சேர், இவன நேர்வழிக்குக் கொண்டுவந்தது நீங்கதான். மறுகா போகக்குள்ள சின்னவனையும் கூட்டிப் போங்க."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. எலும்பை நிதானமாக உறிஞ்சி முடித்தான்.

"அதுக்கென்ன மாமா," என்றான். "வழி காட்டுறதுதானே என்ட தொழில்."