ரோட்டைத் தாண்ட ஒரு கை

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ரோட்டைத் தாண்டும்போது என்னோடு படித்த கேரனின் கையைப் பிடித்துவிட்டேன். தரையெல்லாம் பனி உறைந்து கிடந்தது, வழுக்கி விழுந்துவிடுவேன் என்று பயம், பக்கத்தில் ஒரு பெண் வருகிறாள், பிடித்தேன். தாண்டிய பிறகும் விடவில்லை. மதுரையில் நாம் விடுவோமா? பேச்சு முடிகிறவரை கையை ஆட்டிக்கொண்டேதானே நடப்போம். எதிரே வந்த ஒருவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டு போனார். நாங்கள் இன்டர்ன்ஷிப் போன இடத்தின் வாசலில் கேரன் நின்று, மிகவும் மெதுவாக, "நீ என்னிடம் ஏதாவது சொல்ல நினைக்கிறாயா? பயப்படாமல் சொல்லலாம்" என்றாள். "பசிக்கிறது" என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தாள்.

எண்பதுகளின் நடுவில், விமன்ஸ் ஸ்டடீஸ் படிக்க உதவித்தொகை கிடைத்து அங்கே போயிருந்தேன். ஊரில் யார் கேட்டாலும் என் அப்பா "ஹோம் சயின்ஸ் மாதிரி ஒரு படிப்பு" என்று சொல்லிச் சமாளித்தார். நல்லவேளை, இன்டர்ன்ஷிப் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சலவைக்கடை ஒன்றின் மாடியில் இருந்த பெண்கள் மையத்துக்குத்தான் என்னையும் கேரனையும் பல்கலைக்கழகம் அனுப்பியது. நோட்டீஸ் மடிப்பது, காபி போடுவது, போன் எடுப்பது எங்கள் வேலை. பெண்களை நேசிக்கிற பெண்கள் அங்கே வருவார்கள். பெற்ற தாயே கதவைத் திறக்காதவர்கள், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். லெஸ்பியன் என்ற சொல்லை மையத்தின் பொறுப்பாளர் ஹெலன், டீச்சர் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். எனக்குத்தான் காது சூடாகும். ஒருநாள் மாலை, மையத்திலிருந்து கைகோத்து இறங்கிய இருவர் மேல், போகிற காரிலிருந்து யாரோ பாட்டிலை வீசினார்கள். ஜன்னலில் நின்ற நான் அதைப் பார்த்தேன்.

"உங்கள் ஊரில் இப்படிப்பட்ட பெண்கள் எப்படி வாழ்கிறார்கள்?" என்று ஹெலன் ஒரு கூட்டத்தில் கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் எல்லோருமே கைகோத்துத்தான் நடப்பார்கள், ஒரே பாயில் படுப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். "எவ்வளவு சுதந்திரம்!" என்று வியந்துபோனார்கள். அந்தச் சுதந்திரம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரைக்கும்தான் என்று சொல்ல வாய் எழவில்லை. என்னைப்போல வந்தவர்களுக்குத் தெரியும், ஊரைப் பற்றி நாம் அங்கே சொல்வது எதுவும் பொய்யில்லை, ஆனால் முழுசாகவும் இருக்காது.

ராதாவைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவேயில்லை. எழுபதுகளின் கடைசியில் நானும் அவளும் கல்லூரித் தோழிகள். நான் ஆனையூர், விவசாயக் குடும்பம். அவள் செல்லூர், தறிக்கார வீடு, வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிர பாஷை. என்னோடு தமிழில் சண்டை போடுவாள், கோபம் முற்றினால் அவள் பாஷைக்குத் தாவிவிடுவாள். தினமும் நான் செல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் இடது கையைப் பிடிப்பாள், வைகைப் பாலம் தாண்டிக் கல்லூரி வாசல்வரை அந்தக் கை அவளுடையதுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கையைக் கழுவ எனக்கு மனசு வராது. அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவளுக்கு அவர்கள் ஜனத்திலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். மணமேடைக்குக் கூப்பிடும்வரை ராதா என் கையை விடவில்லை. அவள் அம்மா வந்து, "விடுங்கம்மா, நேரமாச்சு. நாளைக்கும் ரெண்டு பேரும் இதே ஊர்லதான இருக்கப்போறீங்க" என்று சிரித்துக்கொண்டே விரல்களைப் பிரித்துவிட்டார். நான் அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாக்கள் எல்லாம், "அழுகாத தாயி, ஒனக்கும் சீக்கிரம் நல்ல எடமா அமையும்" என்று தேற்றினார்கள்.

மையத்தில் ஒருநாள் போன் வந்தது. தன் சிநேகிதியின் திருமணத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒரு பெண் சொல்லிக்கொண்டு போனாள். பாதியில் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் அந்தப் பக்கம் இருந்தவள் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. "வீட்டு ஞாபகமா?" என்று ஹெலன் கேட்டார். "ஆமாம்" என்றேன், அது பொய்யில்லை. ஊருக்குப் போனால் ராதாவிடம் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று யோசிக்கவில்லை. அவளிடம் சொல்லாமல் அதைச் சுமக்க முடியவில்லை.

லீவில் வந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். காளவாசலில் அவள் கணவருக்குத் துணிக்கடை, மாடியில் வீடு. பூ வாங்கிவிட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். அந்த நல்ல மனுஷன் கடையிலிருந்தே, "ராதா, அவுங்களுக்கு இந்த ரோடெல்லாம் மறந்திருக்கும். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"வாடி, பஸ் வருது" என்று ராதா என் இடது கையைப் பிடித்து இழுத்தாள். தாண்டினோம். அவள் விடவில்லை, பழையபடி ஆட்டிக்கொண்டு நடந்தாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. இருந்தும் கையை உருவிக்கொண்டேன்.

"என்னடி, அம்புட்டு தூரம் போய்ட்டு வந்ததும் என் கை கூசுதா?"

"இல்லடி. வேர்க்குது."

ராதா தன் உள்ளங்கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினாள். "இப்பப் பிடி."

பிடித்துக்கொண்டேன். விமானத்தில் நான் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, இங்கே பூ முழம் என்ன விலை என்று அவளிடம் கேட்டேன். பூக்கடையில் நின்று அவள் கேட்டாள், "அங்க யாரு கையப் பிடிச்சுடி ரோட்டத் தாண்டுற?"

"அங்க சிக்னல் இருக்கு, ராதா."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பூவில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் டொராண்டோவில் சிக்னலுக்காக நிற்கும்போது, கோட்டுப் பைக்குள் கிடக்கும் என் இடது கை தானாக வெளியே வந்து பக்கவாட்டில் நீள்கிறது. குளிரில் விரல்கள் விறைக்கின்றன. பச்சை விழுந்ததும் அதை உள்ளே இழுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறேன்.