மஞ்சள் பூசிய வளையம்

பம்பாய் செம்பூரில் நாங்கள் குடியிருந்ததை ஒரு வீடு என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன, அவ்வளவுதான். ஒரு மராட்டி விவசாயக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கட்டிச் சேர்த்தது அது. நடுவில் இருந்த மண்சுவர்தான் ஆதி வீடு. பின்னால் வந்த ஒருவர் அதைச் சுற்றிக் கருங்கல் அறைகள் எழுப்பினார், அவருடைய பேரன் செங்கல்லில் நீட்டினார். ஊருக்குக் காட்டவேண்டிய முன்பக்கத்துக்கு மட்டும் மங்களூர் ஓடு, பின்பக்கம் பழைய நாட்டு ஓடு.

கடைசியாக வந்த மாற்றம் நாங்கள். வயல் சுருங்கி மாடுகள் போனதும், தொழுவத்தின் திறந்த பக்கத்தை அடைத்து அப்பாவுக்கு வாடகைக்கு விட்டார்கள். பக்கத்தில் நெல் போட்டுவைத்த அறை, அப்பாவை நம்பித் திருநெல்வேலியிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு. இரண்டுக்கும் ஒரே வாசல்.

ஒன்பது வயதில் அந்த வீட்டின் வயதெல்லாம் என் முதுகுக்குத் தெரியும். மே மாதத்தில் சாய்ந்தால் குளிர்வது மண்சுவர், சுடுவது செங்கல்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், வீட்டை இடித்துவிட்டுக் காலனி கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தது. குடியிருப்பவர்களுக்கு ஒரு வாசலுக்கு ஒரு ரூம் கொடுப்பார்கள். மூத்தவர் என்பதால் எங்கள் வாசலுக்கு உள்ளது அப்பா பெயரில்தான் வரும். ஆனால் மாட்டுத் தொழுவம் குடியிருப்புக் கணக்கில் சேராது. அதனால் அப்பா பொங்கலுக்கு முன்பே தீவனத் தொட்டியை மண் போட்டு மூடிச் சுண்ணாம்பு அடித்தார். மாடு கட்டும் இரும்பு வளையம் மட்டும் சுவரைவிட்டு வரவில்லை. அதன்மேல் காலண்டரை மாட்டினார்.

மாட்டுப் பொங்கலன்று அம்மா காலண்டரைத் தூக்கி, வருடா வருடம் செய்வதுபோல் வளையத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். “மாடு நின்ன எடத்துல உண்டு உறங்குதோம். சும்மா விடப்படாது.” அப்பா காலண்டரை மறுபடி அதன்மேல் இறக்கிவிட்டார்.

நான்கு நாள் கழித்து, குடியிருப்பைக் கணக்கெடுக்க அதிகாரி வந்தார். அப்பா கைகட்டி நின்றார். சித்தப்பா என் தலையில் கைவைத்தார்.

“ஏட்டி, எந்தச் செவரு எப்போ வந்துச்சுன்னு சாகேபுக்குக் காட்டுட்டி. ஒன்னய விட்டா யாருக்குத் தெரியும்?”

அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் மண், கல், செங்கல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். அப்பா இருமினார். நான் நிறுத்தவில்லை. கடைசியில், எருமையை இங்கேதான் கட்டுவார்கள் என்று சொல்லிக் காலண்டரைத் தூக்கினேன். வளையம் மஞ்சளும் குங்குமமுமாகப் பளிச்சென்று இருந்தது.

அதிகாரி தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போதும் பூஜை உண்டா என்று இந்தியில் கேட்டார்.

“ஹர் சால்!” என்றேன். வருடம் தவறாமல் செய்வோம் என்பதில் எனக்குப் பெருமை.

மாடு இன்னும் கட்டுகிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ‘தபேலா’, அதாவது மாட்டுத் தொழுவம் என்று எழுதிக்கொண்டார். அப்பா தடுமாறும் இந்தியில் விளக்கப் பார்த்தார், அதற்குள் நோட்டை மூடியாயிற்று. “ஷாபாஷ், பேட்டி” என்று மகளிடம் பேசுவதுபோல் சொல்லி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் தம்பியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்பு என்று எழுதப்பட்டது நெல் அறை மட்டும்தான். ரூம் சித்தப்பா பெயரில் வந்தது. நாங்கள் தாராவியில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். அம்மா அங்கே மழை ஒழுகும்போதெல்லாம் என் வாயைத் திட்டினாள், நானும் என் வாயையே வெறுத்து வளர்ந்தேன். அவள் வைத்த குங்குமத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சித்தப்பாவைப் பற்றியும்தான்.

அதிகாரி போன அன்று மாலை சித்தப்பா எனக்குச் சீவிய ஐஸ் உருண்டையில் சிவப்புச் சாயம் ஊற்றிய கோலா வாங்கிக் கொடுத்து, நான் உறிஞ்சி முடிக்கும்வரை கூடவே நின்றார். அந்த வீட்டில் என்மேல் கோபப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.