சபையில் வராத சொல்

எங்கள் பூம்பாறையில் நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா சபையில் எழுந்து நின்று, "என் பொண்ணத் தர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லித் தட்டை மாற்ற வேண்டும். தலையசைத்தால் செல்லாது. கல்லூரியில் படித்து, கொடைக்கானல் வங்கியொன்றில் முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கு அந்த மூன்று சொற்கள் வரவில்லை.

கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று நேரும். சிறுவயது முதலே உண்டு. பேச்சுச் சத்தம் அடுத்த வீட்டு டிவி போலத் தள்ளிப் போய்விடும். எதிரில் இருப்பவர்கள் படத்தில் இருப்பவர்கள்போல ஆகிவிடுவார்கள். பைத்தியம் என்பார்களோ என்று மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றும் அப்படித்தான். தட்டைப் பிடித்திருந்த விரல்கள் யாருடையவோ போலத் தெரிந்தன. மோதிரத்தை வைத்துத்தான் என்னுடையவை என்று தெரிந்துகொண்டேன்.

"என்ன மாப்ள, தட்டு அம்புட்டு கனமாவா கெடக்கு?" என்றார் மனைவியின் அண்ணன். சபை சிரித்தது.

"வெரசா சொல்லுங்க, பந்தி காத்துக் கெடக்கு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. கவுஞ்சியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் என் தம்பி தட்டை வாங்கி, அவனே சொல்லி மாற்றினான்.

மாப்பிள்ளை என் மகள் தானே தேர்ந்தெடுத்தவர். அன்று மாலை, "ஒங்களுக்கு அவரப் புடிக்கலைன்னா என்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்லப்பா" என்றாள்.

எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. "தொண்டை கட்டிக்கிருச்சும்மா" என்றேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்தும் சும்மா இருந்துவிட்டேன். பயந்தவன் என்று அவளுக்குத் தெரிவதைவிட, மனமில்லாதவன் என்று அவள் நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. சபையில் சொல் வராததை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். அவளை அப்படி நினைக்கவிட்டதைச் சொல்வேன்.

அதிலிருந்து பதினோரு வருடமாக மகள் போனில் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். என்னிடம் "நல்லாருக்கீங்களா" என்பதோடு சரி.

போன மாதம் வேறொரு தொந்தரவுக்காக மதுரைக்குப் போனபோது, டாக்டரிடம் இதையும் சொன்னேன். சபையைக் கண்டு பதறுகிறவர்களில் சிலருக்கு உலகம் இப்படி விலகித் தெரிவதுண்டு, பைத்தியமில்லை என்றார். திரும்பும்போது பஸ் பெருமாள்மலையில் டீக்கு நின்றது. இறங்கி மகளை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு கேட்டாள்: "அப்ப என் கல்யாணத்தையும் நீங்க பாக்கலையாப்பா?"

"நின்னுக்கிட்டு இருந்தேன்மா. பாத்தேன்னு சொல்ல முடியல."

அழுதாள். கோபத்திலா, இரக்கத்திலா, தெரியவில்லை. ஆனால் போனை வைக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.